வாழைப்பழத்துக்கு ஆறு பேர்

1

“2007 ஆகஸ்ட் 9, வியாழன். பதிவேட்டில் பதினொருவர். வந்தவர் எட்டுப் பேர். காலையிலிருந்து மழை. ‘கடல்’, ‘மரம்’, ‘கப்பல்’ முடிந்தன. ‘வாழைப்பழம்’ முடியவில்லை. ஆள் பற்றாது.”

என் நாட்குறிப்பில் இருக்கும் பதிவு இது. போர்ட் பிளேயரில், லம்பா லைன் வீட்டில் சாமான் கட்டும்போது பழைய நாட்குறிப்புகளை ஒரு பெட்டியில் அடுக்கினேன். அடுக்கியவள் இந்தப் பக்கத்தில் நின்றுவிட்டேன். என்னை மாயாபந்தருக்கு மாற்றி இந்த மாதம் உத்தரவு வந்திருக்கிறது. பேருந்தில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். செய்தி அருப்புக்கோட்டைக்கு எட்டியதும் அண்ணன் போன் செய்தார்.

“அம்புட்டுத் தூரத்துக்கு உன்ன எதுக்குத் தூக்கி அடிக்கிறாய்ங்க? என்ன தப்புப் பண்ணுன?”

“தப்பெல்லாம் ஒண்ணும் பண்ணலண்ணே. பிள்ளைகளுக்கு வெளையாட்டுக் காட்டுனேன்.”

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இதைப் போனில் விளக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

2

நான் வேலை பார்த்தது ஒரு தொடக்கப் பள்ளியின் தமிழ் வழிப் பிரிவில். பள்ளி பெரியது, எங்கள் பிரிவுக்கு அதில் ஓர் அறை, ஓர் ஆசிரியை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று வகுப்பையும் அந்த ஓர் அறையில்தான் நடத்தினேன். வராந்தாவுக்கு எதிர்ப்பக்கம் முழுவதும் இந்திப் பிரிவு. அங்கே வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் அதிகம்.

2007இல் பள்ளி திறந்ததும் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆண்டுக் கடைசிக் கணக்கெடுப்பில் பத்துப் பேருக்குக் குறைந்தால் தமிழ்ப் பிரிவை இந்திப் பிரிவோடு இணைத்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். என்னிடம் இருந்தவர்கள் பதினொருவர். அதாவது ஒருவர் போகலாம், இரண்டாவது ஆள் போகக் கூடாது. அந்த வருடம் முழுவதும் என் மனதில் இந்தக் கணக்கைத் தவிர வேறு எதுவும் இருந்ததாக நினைவில்லை.

பதினொருவரில் பாதிப் பேர் ஷெல்டர் பிள்ளைகள். சுனாமிக்குப் பிறகு தெற்குத் தீவுகளிலிருந்து கொண்டுவந்தவர்களைக் குடிவைத்த தகர வீடுகளை எல்லாரும் ஷெல்டர் என்றே சொல்வோம். வெயில் ஏறினால் தகரத்தின் அடியில் இருக்க முடியாது, மழை பெய்தால் பேசுவது கேட்காது. அங்கிருந்து வரும் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்ததும் பாதிக் கண்ணை மூடிவிடுவார்கள். கரும்பலகையைப் பார்க்கச் சொன்னால் பார்ப்பார்கள், எழுதச் சொன்னால் எழுதுவார்கள். கேள்வி கேட்டால் மட்டும் பதில் வராது.

அவர்களில் வாசுகி வாயே திறக்க மாட்டாள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களை அரசு ரப்பர் வெட்டக் குடியமர்த்திய தீவு அது. அப்பாவை அங்கே அலை கொண்டுபோய்விட்டது. அம்மா பாக்கியம், போர்ட் பிளேயரில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வருகைக்குப் பெயர் கூப்பிட்டால் வாசுகி எழுந்து நிற்பாள். அதுதான் அவளுடைய ‘உள்ளேன்’.

3

அந்த வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அண்ணி வேலை பார்த்த பள்ளிக்கு ஒருநாள் அவரோடு போயிருந்தேன். அங்கே அப்போதுதான் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து, அட்டைகளைக் கையில் கொடுத்துச் செய்யவைத்துக் கற்றுக்கொடுக்கும் முறை வந்திருந்தது. நாற்பது பிள்ளைகள், ஒரே இரைச்சல். யாரும் தூங்கவில்லை. அண்ணி, “சத்தம் இல்லாத கிளாஸ்ல பாடம் நடக்கலைன்னு அர்த்தம்” என்றார். நான் அதையும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு கப்பல் ஏறினேன்.

இங்கே வந்து, கடைகளில் கேட்டு பிஸ்கட் அட்டைப்பெட்டிகள் வாங்கினேன். அவற்றை வெட்டி ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதி, சணல் கோத்துக் கழுத்தில் தொங்கவிடும்படி செய்தேன். விளையாட்டு எளிது. இரண்டு அணி. நான் ஒரு சொல் சொல்வேன். அந்த எழுத்துகளைத் தொங்கவிட்டிருக்கும் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுண்ணாம்புக் கோட்டில் வரிசையாக நிற்க வேண்டும். நின்றதும் முதல் ஆளிலிருந்து தத்தம் எழுத்தைக் கத்த வேண்டும். முதலில் கத்தி முடித்த அணிக்குப் புள்ளி.

அறையில் இடம் போதாததால் முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். இரண்டாம் நாளே பிள்ளைகள் மணி அடிப்பதற்கு முன்னால் வந்து நின்றார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பதினொருவரும் வந்திருந்தார்கள். அதுவரை அப்படி நடந்ததே இல்லை. அன்றைய பதிவில் எண்ணை இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

ஆனால் எண்ணிக்கை இங்கேயும் வந்து நின்றது. எட்டுப் பேர் வந்தால் அணிக்கு நாலு பேர். நாலெழுத்துக்கு மேல் சொல் கொடுக்க முடியாது. கடல், மரம், கப்பல், பட்டம். ஆறு பேர் வந்தால் மூன்றெழுத்து. வருகை குறைந்த நாளில் சொற்கள் குறுகிவிடும். பிள்ளைகளுக்கோ நீளமான சொல்தான் பிடிக்கும். “வாழைப்பழம் குடுங்க டீச்சர், வாழைப்பழம்” என்று கெஞ்சுவார்கள். அதற்கு அணிக்கு ஆறு பேர், மொத்தம் பன்னிரண்டு பேர் வேண்டும். பதினொருவரும் வந்தாலும் ஓர் ஆள் குறையும்.

இந்திப் பிரிவு ஆசிரியர் மண்டல் சாரிடம் போய் ஒரு பிள்ளையைக் கடன் கேட்டேன். வங்காளிக் குடியேறிகள் குடும்பத்தில் பிறந்த தங்கமான மனிதர், வகுப்பில் ஐம்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டுபவர்.

“ஏக் க்யா டீச்சர்ஜி, தஸ் லே ஜாயியே!” என்றார். ஒன்றென்ன, பத்தாகக் கொண்டுபோங்கள் என்று. “திருப்பிக் கொடுக்கவே வேண்டாம்” என்று சேர்த்துச் சொல்லித் தானே சிரித்தார்.

மிட்டு என்ற பெண்ணை அனுப்பினார். எட்டு வயது, முன்பல் இல்லை. ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாது. அவள் கழுத்தில் ‘ப்’ அட்டையை மாட்டிவிட்டேன். உதட்டை மட்டும் மூடித் திறந்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் ‘ப்’பை வெடி மாதிரி வெடிப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 23. வாழைப்பழம். வாசுகியின் கழுத்தில் ‘ழை’. மிட்டு வழி தெரியாமல் வரிசையின் கடைசிக்கு ஓடினாள். அப்போது ஒரு குரல் கேட்டது:

“ஏ மிட்டு! உதர் நஹீ! மேரே பீச்சே, மேரே பீச்சே!”

அங்கே இல்லை, என் பின்னால் நில், என்கிறாள் வாசுகி. கையைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்தினாள். பிறகு முறை வந்ததும் “ழை!” என்று கத்தினாள். அதுவரை அவள் எழுத்தையும் பக்கத்தில் நிற்பவள்தான் கத்துவாள். நான் அன்றுதான் அவள் குரலைக் கேட்டேன். கொஞ்சம் கரகரப்பான குரல்.

அவள் பேசிவிட்டாள் என்ற மகிழ்ச்சியில் என்ன மொழியில் பேசினாள் என்பதை நான் யோசிக்கவில்லை. நாட்குறிப்பிலும் “வாசுகி பேசினாள்” என்றுதான் இருக்கிறது.

4

செப்டம்பரில் இந்திப் பிரிவிலிருந்து வரும் வெளியாட்கள் மூன்று பேரானார்கள், பிறகு ஐந்து. ‘பள்ளிக்கூடம்’ வரை போனோம். முற்றத்தில் ஒரே கூச்சல். ஓரமாக நின்று ஒருநாள் அந்தக் கூச்சலை மட்டும் காது கொடுத்துக் கேட்டேன்.

“ஹட், ஹட்! தூ லாஸ்ட் மே!”

“டீச்சர், இவ சீட்டிங் பண்றா!”

“சுப்! மேரா நம்பர் ஹை!”

“ஜல்தி, ஜல்தி, அரே ‘கூ’ கிதர் கயா?”

தள்ளு, நீ கடைசி; சும்மா இரு, என் முறை; சீக்கிரம், ‘கூ’ எங்கே போச்சு. எழுத்துகளும் என்னிடம் சொல்லும் புகாரும்தான் தமிழ். ஓடுவது, திட்டுவது, அழைப்பது, ஏமாற்றுவது, சமாதானம் ஆவது எல்லாம் இந்தி. இது மிட்டுவால் வந்ததல்ல. எங்கள் பிள்ளைகளே தங்களுக்குள் அப்படித்தான் கத்தினார்கள். ஷெல்டர் சந்துகளில் பத்து மொழிக்காரர் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர்கள். விளையாட்டு என்றாலே அவர்களுக்கு இந்தி. தமிழில் அவர்களுக்குத் தெரிந்தது சாப்பிடு, படு, அடி வாங்குவே. வகுப்பில் நான் பேசிய தமிழும் அந்த வகையில்தான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அண்ணியின் பள்ளியில் நாற்பது பிள்ளைகளும் எந்த மொழியில் இரைந்தார்கள் என்று நான் கவனிக்கவே இல்லை. அங்கே கவனிக்க என்ன இருக்கிறது? முறையை மட்டும் கொண்டுவந்தேன். அது எதன்மேல் நின்றது என்பதைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 3ஆம் தேதி ஒரு விதி போட்டேன். விளையாட்டில் இந்தி பேசினால் அணிக்கு ஒரு புள்ளி குறையும். இங்கே பதினைந்து வருடமாகக் கடையில், பேருந்தில், ரேஷனில் இந்தி பேசியே காலம் தள்ளும் நான் போட்ட விதி அது. வெளிப் பிள்ளைகளுக்கு விலக்கு. நம் பிள்ளைகளுக்கு மட்டும்.

அன்று சத்தம் பாதியானது. ஓடினார்கள், நின்றார்கள், எழுத்தைச் சொன்னார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. தவறான இடத்தில் நிற்பவளைக் கையால் மட்டும் தள்ளினார்கள். மறுநாள் கடைசிச் சொல்லில் இரண்டு அணியும் சமம். வாசுகி பழக்கத்தில் மிட்டுவை இந்தியில் அழைத்துவிட்டாள். நான் புள்ளியைக் குறைத்தேன். அவளுடைய அணிப் பெண் ஒருத்தி சுள்ளென்று திரும்பினாள்:

“தேரே சக்கர் மே ஹார் கயே! உன்னாலதான்டி தோத்தோம், ஊமை!”

வாசுகி அட்டையைக் கழற்றி மடித்துக் கீழே வைத்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. விதியை அந்த வாரமே எடுத்துவிட்டேன். ஆனாலும் அவள் வரவில்லை.

5

அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை ஷெல்டருக்குப் போனேன். பாக்கியம் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க டீச்சர். உள்ள சூடு. இங்கனயே உக்காருங்க.” ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிப் போட்டாள். வாசுகியைக் காணவில்லை. பின்சந்தில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. அதில் அந்தக் கரகரப்பான குரலும் இருந்தது.

“பாக்கியம், புள்ள ஏன் வரல?”

“அது அந்த மிட்டுப் புள்ள கூடத்தான் உக்காருவேன்னு நிக்குது டீச்சர். நான் என்ன செய்ய? வீட்டுலயும் வாயத் தொறக்காம கெடந்த புள்ள. ஒண்ணரை மாசமா லொடலொடன்னு பேசுச்சு. இப்ப ஒரு வாரமா வீட்டுக்குள்ள திரும்பவும் மூடிக்கிருச்சு.”

“தப்பு என்னோடதுதான். அந்த விதிய எடுத்துட்டேன். நீ அனுப்பு. இந்த வருசம் மட்டுமாவது தமிழ்ல இருக்கட்டும். அவ போனா பத்துப் பேர்தான். அப்புறம் ஒரு புள்ள போனாலும் கிளாஸையே மூடிருவாங்க.”

அவள் குனிந்து ஒரு துணியைப் பிழிந்தாள். சோப்பு நுரை வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது.

“தமிழுதான் படிக்கணும்னு சொன்னது அவ அப்பா. அவரு இருந்தா அவருகிட்ட நீங்க பேசிக்கலாம். நான் சிலோன்ல தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவ டீச்சர். ஊருக்குப் போறோம்னு கப்பல் ஏத்துனாங்க. அப்புறம் இன்னொரு கப்பல் ஏத்திக் கச்சால்ல எறக்குனாங்க. அதுவும் போச்சு. இனி எங்க ஏத்துவாங்களோ யாரு கண்டா? எங்க எறக்கிவிட்டாலும் நாலு பேருகிட்டப் பேசிப் பொழைக்கணுமில்ல.”

“தமிழும் வேணுமே பாக்கியம்.”

“வேணாம்னா சொன்னேன்?” என்றாள். பிறகு, கோபம் ஒன்றும் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்பதுபோல, “ஒங்க மகன் எந்த ஸ்கூல்ல படிக்கிறாரு டீச்சர்?” என்றாள்.

“டவுன்ல.”

“தமிழா?”

“இங்கிலீஷ் மீடியம்.”

“அதான” என்றாள். உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

என் மகன் அருணுக்கு அப்போது வயது பன்னிரண்டு. “அம்மா, கல் மேரா டெஸ்ட் ஹை” என்பான். நான் முறைத்தால் “நாளைக்கு டெஸ்ட்டும்மா” என்று மாற்றிச் சொல்வான். வீட்டில் அவனுக்குத் தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்க மூன்று முறை தொடங்கினேன். மூன்றுக்கும் தேதி வைத்திருக்கிறேன். மூன்றும் ‘ங’வைத் தாண்டவில்லை. பள்ளியில் பதினொரு பேருக்கு அட்டை வெட்டிய நான் என் பிள்ளைக்கு ஓர் அட்டையும் வெட்டவில்லை. விளையாட அவனுக்கு யாரும் கிடையாது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணம். போன வாரம் பெட்டி கட்டும்போது நாட்குறிப்பு ஒன்றை எடுத்துப் புரட்டி, “இதுல என்னம்மா எழுதிருக்கே?” என்றான். படித்துக் காட்டவா என்று கேட்டேன். “லம்பா ஹை, அப்புறமா” என்றான். நீளமாக இருக்கிறதாம். வைத்துவிட்டுப் போனான்.

6

அக்டோபர் 15ஆம் தேதி பாக்கியம் விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தாள். பிரிவு மாற்றும் படிவத்தில் வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. போட்டேன்.

பத்து.

விளையாட்டை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்திய இரண்டு நாளில் வருகை ஆறாகக் குறைந்தது, பாதிக் கண்கள் மூடின. மறுபடி முற்றத்துக்குப் போனேன். விளையாடினால் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் போவார்கள், விளையாடாவிட்டால் வரவே மாட்டார்கள். எனக்கு இதற்கு வழி தெரியவில்லை. படித்த புத்தகங்களிலும் இருக்கவில்லை. அவை எல்லாம் பிள்ளைகளை எப்படி ஈடுபடுத்துவது என்பதோடு நின்றுவிடுகின்றன.

மண்டல் சார் நல்ல மனதோடு என் முறையைத் தன் வகுப்பில் தொடங்கினார். என்னிடமே வந்து சணல் வாங்கிப்போனார். ஐம்பது பிள்ளைகள் இருந்ததால் அவருக்குச் சொல் பஞ்சமே இல்லை. எவ்வளவு நீளமான சொல்லுக்கும் ஆள் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

பிப்ரவரியில் ஓர் அக்காவும் தங்கையும் சேர்ந்து போனார்கள். அவர்களுடைய அப்பா ஒரு காண்டிராக்டரிடம் மேஸ்திரி. “அங்க கூட்டமா இருக்கு டீச்சர், புள்ளைக ஆசைப்படுது” என்றார். கணக்கெடுப்பு அன்று என் அறையில் எட்டுப் பேர்.

இணைப்புக் கடிதம் 2008 ஏப்ரலில் வந்தது. விழா ஒன்றும் இல்லை. எட்டுப் பிள்ளைகளும் தங்கள் பெஞ்சுகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு வராந்தாவைக் கடந்தார்கள். பயந்ததாகத் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் வாசலில் நின்று வாசுகி எல்லாரையும் கைகாட்டி அழைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

“மேடம், ஆஜ் கேல் ஹோகா?”

இன்றைக்கு விளையாட்டு உண்டா என்று கேட்டாள். அவளாக என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை.

“ஆஜ் நஹீ, பேட்டா” என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சைப் பதிவு செய்யும்போதுதான் ‘இன்று இல்லை, கண்ணு’ என்பதை நானும் இந்தியில் சொல்லியிருப்பதைக் கண்டேன். அடித்துவிட்டுத் தமிழில் எழுதலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நடந்ததை மாற்றி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. அப்படியே இருக்கிறது.

7

அதன்பின் ஒரு வருடம் நான் உபரி ஆசிரியை. யார் விடுப்பில் போனாலும் அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் என் இந்தியைக் கேட்டுக் குனிந்து சிரிப்பார்கள். ஆண்பால் ‘கா’வும் பெண்பால் ‘கீ’யும் மாறிப்போகும். வாசுகி மட்டும் சிரிக்காமல் திருத்துவாள். நன்றாகப் படிக்கிறாள் என்று மண்டல் சார் சொன்னார். அதை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதோடு சேர்ந்து வந்த வலியை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

இப்போது மாற்றல். உத்தரவில், மாயாபந்தர் பக்கம் ஒரு பள்ளியின் தமிழ் வழிப் பிரிவில் காலியாக உள்ள இடம் என்று இருக்கிறது. அருணுக்கு அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. அவனும் அவன் அப்பாவும் இங்கேயே இருப்பார்கள். திங்கட்கிழமை விடியற்காலைப் பேருந்துக்கு எனக்கு மட்டும் ஒரு டிக்கெட்.

அந்தப் பள்ளிக்கு மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை மணி அடித்து நின்றது. இரண்டாம் முறை எடுத்தவர், தமிழ்ப் பிரிவில் நாலு பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னார். மூன்றாம் முறை எடுத்த வேறொருவர், அங்கே தமிழ்ப் பிரிவே கிடையாது, மதிய உணவு அரிசி மூட்டைகளை வைக்கும் அறையைத்தான் பழைய ஆட்கள் இன்னும் தமிழ் கிளாஸ் என்கிறார்கள் என்றார். அந்த ஊரைத் தெரிந்த தமிழர் இருவரிடம் விசாரித்தேன். இருவருடைய பிள்ளைகளும் வேறு பள்ளியில் படித்ததால் அவர்களுக்குத் தெரியவில்லை.

2009 ஜூன் 12, வெள்ளி. நான் சேரப்போகும் வகுப்பில் பிள்ளைகள் நாலு பேரா, ஒருவரும் இல்லையா என்பது இன்று வரை உறுதி செய்யப்படவில்லை.